பந்தல் குழி

வெள்ளையம்மாளுக்கு வாய் ஜாஸ்தி என்று மண்டித் தெருவில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் முனிசிபாலிட்டி வாசலில் போய் நின்று கேட்க அவளை விட்டால் ஆளில்லை. புருஷன் அப்பாசாமி மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். பேசுகிற வேலையை அவளுக்கே விட்டுவிட்டார்.

எண்பத்திரண்டு ஐப்பசி மழையில் தெரு குட்டிச்சுவராகிவிட்டது. எமர்ஜென்சி காலத்தில் போட்ட தார் அது. அதற்குப் பிறகு ஒரு கூடை ஜல்லி விழவில்லை. மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் ஏறி இறங்கி, குழியெல்லாம் குட்டையாகியிருந்தன. ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டு டைலர் அய்யூப் பாய், துணி மூட்டையோடு சைக்கிளில் வந்தவர், வெள்ளையம்மாள் வீட்டுக்கு நேராகத் தண்ணீர் நின்ற குழியில் சக்கரம் இறங்கி விழுந்தார். வலது கால் முறிந்தது. புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தீபாவளிக்குத் துணி குவிகிற மாசம் அது. மிஷினை மிதிக்கிற கால் கட்டிலில் நீட்டிக் கிடந்தது.

"நீ அழாத பீபி. நான் போய்க் கேக்கறேன்" என்று பாயின் மனைவி பீபி ஜானிடம் சொல்லிவிட்டு, வெள்ளையம்மாள் தெருப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனாள்.

"தேர் ஓடுற வீதிக்குத்தான் தார் ஊத்துவீங்களா? எங்க தெருவுல மனுஷங்க நடக்கறதில்லையா?"

அவள் கேட்ட கேள்வியில் ஓவர்சியர் மறுநாளே வந்துவிட்டார். குடையை ஊன்றியபடி தெருக்கோடி வரைக்கும் போனார். தார் பெயர்ந்த இடங்களைப் பார்த்து, "மோசந்தாம்மா, எஸ்டிமேட் போட்டுடலாம்" என்று ஒத்துக்கொண்டார். பாய் விழுந்த இடத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. அங்கே வந்ததும் நின்றார்.

"இது மட்டும் ஏம்மா ஜோடி ஜோடியா இருக்கு? இவ்ளோ ஒழுங்கா குழி தோண்ட எங்க ஆபீஸ்ல ஆள் கிடையாதே."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் அவள் வீட்டுச் சுவரைப் பார்த்தார். போன வருஷம் மகள் வள்ளி கல்யாணத்துக்குக் காவியில் எழுதிய 'நல்வரவு' அப்படியே இருந்தது.

"பந்தல் பெருசா போட்டீங்களோ?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கடப்பாரை போட்டுத் தாரைப் பெயர்த்தவர்கள் அவள் வீட்டு ஆட்கள். முகூர்த்தக்கால் குழியில் பாலும் நவதானியமும் விட்டவள் அவள். கல்யாணம் முடிந்து பந்தல்காரன் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். குழியை யார் மூடுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தத் தெருவில் எந்தக் கல்யாண வீட்டிலும் அது வழக்கமில்லை. கூட வந்திருந்த பக்கத்து வீட்டு ராஜம்மாள் சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வெள்ளையம்மாள் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"ஆபீஸ்காரரு என்னக்கா சொன்னாரு?" என்று பீபி ஜான் டீயை நீட்டினாள்.

டம்ளரை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தவள், "அது எங்க பந்தல் குழி பீபி" என்றாள்.

கட்டிலிலிருந்து பாய் பேசினார். "தெரியும்க்கா. பந்தலுக்குத் துணி தெச்சவன் நானில்லையா? அன்னிக்குத் தண்ணி நின்னதுல எடம் புரியல, அவ்ளோதான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்?"

"கல்யாண வீட்டுக் குழிய எப்படிக்கா குத்தம் சொல்றது?"

அவர் சொன்னதைக் கேட்டு வெள்ளையம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். பீபி ஜான் விடவில்லை.

"ஒரு கூடை மண்ணு போட்டிருக்கலாம்க்கா" என்றாள். கோபம் இல்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பாசாமி மண்டி வண்டியில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். வெள்ளையம்மாள் அள்ளிப் போட்டு மிதித்தாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ராஜம்மாள், "என்னக்கா, முனிசிபாலிட்டில வேல குடுத்துட்டாங்களா?" என்றாள்.

வெள்ளையம்மாள் அடுத்த குழிக்கு மண்ணை அள்ளினாள். எதிர்வீட்டு ஜன்னல் வழியாக மிஷின் சத்தம் வந்தது. பாய் சொல்லச் சொல்லப் பீபி ஜான் மிதிக்கிறாள் போலிருக்கிறது. நாலு தையல் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.