ஏழு கிலோ குறைந்த மோட்டார்

மோட்டார் சோதனைக் கூடத்தில் அவளுக்கு 'அரைமணி அக்கா' என்று பேர். வைத்தவர்கள் கம்பெனிக்காரர்கள். தங்கள் மோட்டாருக்கு நட்சத்திர லேபிள் வாங்க, மாதிரி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள். கதவைத் திறந்து "முடிஞ்சுதாங்க?" என்று தலையை நீட்டினால் உள்ளேயிருந்து வருவது ஒரே பதில்தான்: "இன்னும் அரைமணி ஆகும்."

அது வீம்புக்குச் சொல்வது அல்ல. வாங்குகிற கரண்டில் எவ்வளவு வேலையாகிறது, எவ்வளவு வெறும் சூடாகி வீணாகிறது என்று பார்த்துத்தான் ஒரு மோட்டாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று முடிவாகும். அந்த லேபிளை நம்பித்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். ஆனால் ஓட ஆரம்பித்த புதிதில் எந்த மோட்டாரும் மகா யோக்கியன் மாதிரிதான் நடந்துகொள்ளும். பாரத்தை ஏற்றி, மணிக்கணக்காக ஓடவிட்டு, அரைமணிக்கு ஒரு தரம் சூட்டை அளந்து, இரண்டு அளவுக்கும் நடுவே ஒரு டிகிரிகூட ஏறவில்லை என்று ஆன பிறகுதான் கணக்கெடுக்க வேண்டும். மற்றவர்கள் மூன்றாவது அரைமணியிலேயே கொட்டாவி விட்டு, 'ஏறக்குறைய நிலைத்துவிட்டது' என்று எழுதிக் கடையைக் கட்டுவார்கள். அக்காவுக்கு 'ஏறக்குறைய' என்ற வார்த்தையே ஆகாது.

இருபது வயதில் அந்த வேலையில் சேர்ந்தாள். அப்பா இறந்த வருஷம் அது; தம்பிக்குப் பதினொரு வயது. கல்யாணப் பேச்சு வந்த வருஷங்களில் தம்பியின் படிப்பு குறுக்கே நின்றது. படிப்பு முடிந்தபோது பேச்சு வருவது நின்றுபோயிருந்தது. இரும்பு மேடை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய ஏதோ ஒரு மோட்டார், எதிர்ச்சுவரைத் தவிர வேறெதையும் காட்டாத ஒரு ஜன்னல். இருபத்திரண்டு வருஷமாக அவள் பகலெல்லாம் பார்த்தது இதைத்தான். இரைச்சலிலேயே இருந்து இருந்து வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவாள். அவளும் தம்பியும் எந்நேரமும் சண்டை போடுவதாக அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். உண்மையில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள்.

தம்பி படித்த படிப்புக்கு வேலை எதுவும் அமையவில்லை. கடைசியில் இரண்டு அறை கொண்ட ஒரு மாவு மில்லை எடுத்து நடத்தினான். அரைக்கிற மாவு முழுவதும் ஒரே பேக்கரிக்குப் போகும். மில்லோடு வந்தது ஒரு கிழட்டு மோட்டார். மூன்று தடவை உள்ளே காயில் எரிந்துபோய்ப் புதிதாகக் கட்டியது. அக்கா அங்கே போகும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பாள்.

"இது மோட்டார் இல்லடா, கரண்ட் குடிக்கிற பூதம். தூக்கிப் போடு."

"நல்லாத்தானே ஓடுது, விடேன்க்கா."

"ஓடறது ஒரு பெருமையா? எருமைகூடத்தான் ஓடும்."

ஒரு வருஷம் நச்சரித்தாள். கடைசியில் தம்பி இறங்கி வந்தான். எதை வாங்குவது என்பதையும் அவளே சொன்னாள். நான்கு நட்சத்திர மோட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் மாதிரியை ஐந்து அரைமணி ஓடவிட்டுச் சோதித்தவள் அவள்தான். "நான் கையெழுத்துப் போட்ட மோட்டார்டா. கண்ணை மூடிட்டு வாங்கு" என்றாள்.

"எத்தனை எச்.பி.?"

"ஏழரை."

"பேர்லயே ஏழரை இருக்கேக்கா!" என்று சிரித்தவன், பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கினான்.

மூன்றே வாரம்தான். பாதி அரைவையில் மோட்டார் சூடேறி நிற்க ஆரம்பித்தது. ஆறவைத்து ஓட்டினால் மறுபடியும் நின்றது. கடைக்காரர் மில்லின் வயரிங்கைக் குறை சொன்னார். கம்பெனியிலிருந்து வந்தவர் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையில் மாவு படாமல் திரும்பிப் போனார். மாவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பேக்கரிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குமேல் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். லேபிளில் சொன்ன தரம் இல்லை என்று நிரூபித்தால் கம்பெனி மோட்டாரை மாற்றித் தரவேண்டும். அதுதான் சட்டம். தம்பியின் பிழைப்பு அந்த ஒரு மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மீட்டரோடு மில்லுக்குப் போனாள். மோட்டார்மேல் பதித்த தகட்டில் போட்டிருந்ததைவிட நிறையக் கரண்ட் இழுத்தது. சூட்டில் அதன் உடம்பில் கை வைக்க முடியவில்லை. மோட்டாரைக் கழற்றச் சொல்லி, மாவு நிறுக்கும் தராசிலேயே ஏற்றினாள். அறுபத்தொரு கிலோ. தன் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவள் சோதித்த மாதிரி அறுபத்தெட்டு கிலோ. வெளியே பார்க்க இரண்டும் ஒரே அச்சு. உள்ளே ஏழு கிலோ செம்பும் இரும்பும் காணோம்.

அக்கா அப்படியே ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"எனக்கு அனுப்பினது ஒண்ணு, கடைக்கு அனுப்பறது வேற ஒண்ணுடா. என்னைக் கேணச்சியாக்கிட்டானுங்க."

"இப்ப என்ன பண்றது?"

"நீ புகார் எழுதிக் குடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

வாங்கி ஓட்டிய மோட்டாரைச் சோதிக்க விதி இல்லை. புகார் வந்தால் கூடத்தின் ஆட்கள் கடைக்குப் போய், அங்கே விற்பனைக்கு இருக்கும் மோட்டாரில் இரண்டை எடுத்து, சீல் வைத்துக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்துவந்த கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் நாற்காலியில் கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன. அக்கா நேராக இயக்குநரிடம் போய், புகார் கொடுத்தது தன் தம்பிதான் என்று மறைக்காமல் சொன்னாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற ஆள் இல்லையேம்மா. நீங்களே பாருங்க. ஆனா தம்பிக்குச் சாதகமா செஞ்சாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக்கூடாது. எல்லாம் விதிப்படி இருக்கணும்."

அந்த ஒரு பேச்சு போதும், அக்காவை ஆட்டிவைக்க. தம்பிக்காக இம்மியளவு சலுகைகூட எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மனசுக்குள் சத்தியமே செய்துகொண்டாள். மாதிரி எடுப்பதற்கு ஏழு நாள் முன்னால் கம்பெனிக்கு நோட்டீஸ் போகவேண்டும் என்று விதி. நோட்டீஸ் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம், 'மாதிரி எடுக்கப்படும் இடம்'. பழைய கண்காணிப்பாளர் ஒரு தடவைகூட அதை ஒழுங்காக நிரப்பியதில்லை. 'சந்தை' என்று ஒரே வார்த்தையைக் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார். அதற்குக் காரணம் இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டிய அக்கா, மனுஷன் எவ்வளவு சோம்பேறியாக இருந்திருக்கிறார் என்று உச்சுக்கொட்டினாள். பிறகு தன் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு கடைகளின் பெயர், தெரு, கதவு எண், போகும் தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள்.

திருடனுக்கு இதைவிட மரியாதையாக யாரும் தகவல் சொல்லியிருக்க முடியாது.

எட்டாம் நாள் கடைக்குப் போனாள். கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எது வேணுமோ எடுத்துக்குங்க, எல்லாமே நல்ல சரக்குதான்" என்று இருந்த ஆறு பெட்டிகளையும் காட்டினார். ஆறிலும் டேப் புத்தம்புதிதாகப் பளபளத்தது. அக்கா ஒரு பெட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்த உடனே கனம் கைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது கடையிலும் அதே நாற்காலி மரியாதை, அதே கனம். கூடத்துக்குக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். இரண்டும் அறுபத்தெட்டு கிலோ.

ஒன்பதாவது கட்டத்தில் எதற்காக வெறும் 'சந்தை' என்று மட்டும் இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், சரக்கை மாத்தி வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் ஏழு கிலோ கூட இருக்கு."

"எடை இவ்வளவுதான் இருக்கணும்னு விதி இருக்கா?"

"இல்ல சார்."

"சீரியல் நம்பர் சரியா இருக்கா?"

"இருக்கு."

"எந்தக் கடைக்குப் போறோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா மேஜைமேல் இருந்த புகார்க் கோப்பைக் காட்டினாள். இயக்குநர் கோப்பை இழுத்து, நோட்டீசின் நகலைப் பார்த்தார். "டெஸ்டை முடிச்சு ரிப்போர்ட் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு கோப்பை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கு அவள் மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருந்தது மாதிரி எந்த நாளும் காத்திருந்ததில்லை. தோற்றுப்போ, தோற்றுத் தொலை என்று அந்த இரும்பிடம் கெஞ்சினாள். அது அசையவில்லை. நாலாவது அரைமணியில் சூடு நிலைத்தது. கணக்கு நான்கு நட்சத்திரத்துக்குமேல் கொசுறும் சேர்த்துக் காட்டியது. இரண்டாவதும் அப்படியே. கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று எல்லா எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை. அவள் வேலையில் என்றைக்குத்தான் பிழை இருந்தது? கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனி அந்த ரிப்போர்ட்டின் நகலை வைத்தே தம்பிக்குப் பதில் எழுதிவிட்டது. மோட்டாரில் குறை இல்லை, அரசுச் சோதனைக் கூடமே சான்று தந்திருக்கிறது, மில்லில்தான் கோளாறு என்று. தம்பி கடிதத்தோடு வீட்டுக்கு வந்தான். அவன் குரல் அன்றைக்கு உயரவே இல்லை.

"இது உன் கையெழுத்துதானேக்கா?"

"ஆமாடா. சரக்கை மாத்திட்டாங்க. என் தப்புதான், நான் நோட்டீஸ்ல..."

"இதுல எழுதியிருக்கறது சரியா, தப்பா?"

"அந்த மோட்டாருக்குச் சரி."

"சரி, விடு. நம்ம மில்லு மோட்டாரை நீ பாத்தியே, எடை போட்டியே. அதை ஒரு பேப்பர்ல எழுதி இதேமாதிரி கையெழுத்துப் போட்டுக் குடு. நான் கோர்ட்டுக்காவது போய்ப் பாக்கறேன். பேக்கரிக்காரர் சனிக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார்."

மாவுத் தராசில் நிறுத்ததும் கைமீட்டரில் பார்த்ததும் சோதனையாகாது. மேடையில் ஏற்றவில்லை, பாரத்தை அளக்கவில்லை, சூடு நிலைக்கும்வரை காத்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது.

"அது டெஸ்ட் இல்லடா. அதுக்கு எப்படி நான் கையெழுத்துப் போடறது?"

தம்பி அவளைப் பார்த்தான். "பொய்யி விதிப்படி இருந்துது, போட்டுட்டே. உண்மை விதிப்படி இல்ல, போட மாட்டேங்கறே. நல்லா இருக்குக்கா." கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

விடிய விடியப் புரண்டுவிட்டு, காலையில் அவள் எழுதத்தான் செய்தாள். எடுத்துக்கொண்டு ஓடினாள். "வேண்டாம், வச்சுக்க" என்று தம்பி வாங்கவே இல்லை. சனிக்கிழமை பேக்கரி கைவிட்டுப் போயிற்று. இரண்டு மாதம் தம்பி மில்லைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பிறகு விற்கப்போவதாக, அவளிடம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். சேதி அவர்கள் வழியாகத்தான் அவளுக்கு வந்தது.

விலை பேச ஆள் வருகிற அன்று, கேட்காமலே அக்கா போய் நின்றாள். வாங்க வந்தவர் வயதானவர், கட்டட வேலை பார்த்துச் சேர்த்த காசு என்று சொன்னார். அரைக்கிற கல்லைத் தட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். மூலையில் நின்றவளைப் பார்த்து, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

தம்பி பெல்ட்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்: "மோட்டாருக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கறவங்க. கவர்ன்மென்ட்டு."

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! அடடா, நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நாலு நட்சத்திரம்னு போட்டிருக்கு, மோட்டாரை நம்பித்தான் வாங்கறேன். நீங்களே சொல்லுங்க, நல்ல மோட்டார்தானே?"

தம்பி அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இதுவும் போனால் அவனிடம் விற்பதற்கு வேறொன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பெரியவருக்கு எத்தனை வாரத்தில் அது நின்றுபோகும் என்பதும் தெரியும்.

"நல்ல மோட்டார்தான்" என்றாள் அக்கா.

பெரியவர் கும்பிட்டார். தம்பி சாவிக்கொத்தை எடுக்க உள்ளே போனான்.