எட்டுப் பாளம் காரீயம்

1988ஆம் வருடம், நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, மாலை மணி நாலு நாற்பது. காலையிலிருந்து விடாத மழை. பல்லாவரத்தில் மூன்று மணிக்குப் போன மின்சாரம் திரும்பி வரவில்லை. டைப்ரைட்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு கடிதம் அடித்தேன். பதினோரு வரி. ஒன்பது நிமிடம் ஆனது. வெளிச்சம் இருந்திருந்தால் ஆறு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அந்தக் கம்பெனியில் நான் கடிதக் குமாஸ்தா. பழைய பேட்டரித் தகடுகளை வாங்கி, அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருந்த கொட்டகையில் உருக்கி, காரீயப் பாளங்களாக வார்த்து விற்பது கம்பெனியின் தொழில். ஒரு பாளம் இருபத்தைந்து கிலோ. அதில் பாதிக்கு மேல் பட்டணத்தில் ஒரே ஒரு வியாபாரிக்குப் போகும். அவர் வெள்ளி சுத்தம் செய்யும் பட்டறைகளுக்குக் கொடுப்பார். கலப்பு வெள்ளியைக் காரீயத்தோடு சேர்த்து உருக்கினால் காரீயம் அழுக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும், வெள்ளி மட்டும் தங்கும் என்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கொட்டகைக்கே இருபத்தேழு வருடத்தில் நாலு முறைதான் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காரீயத்தைப் பற்றிய கடிதங்கள்.

செம்பாக்கத்தில் வீடு. தாம்பரம் வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் உண்டு. நான் சேர்ந்த அன்று ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அன்று மாலை அடித்த கடிதத்தின் எண் 31,406.

ஒருமுறை பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் காரீயமும் வெள்ளியும் விற்ற வியாபாரிகள் எழுதிக்கொண்ட கடிதங்கள். தங்கள் மேலான கடிதம் வந்து சேர்ந்தது, அதன் பொருளைக் குறித்துக்கொண்டோம், இத்தனை பாளம் குறைகிறது, அடுத்த கப்பலில் சரிசெய்கிறோம். கப்பலை எடுத்துவிட்டு டெம்போ என்று போட்டால் என் கடிதம். அவர்களும் ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்பும் முன் ஒரு நோட்டில் கையாலேயே படி எடுத்து வைத்திருக்கிறார்கள். நகல் இல்லாத கடிதம் எழுதாத கடிதம். அதைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

எங்கள் வியாபாரத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஆர்டர் வந்த அன்றே சலானை முழு எண்ணிக்கைக்கும் எழுதிவிடுவார்கள். சரக்கு ஏற்றும்போது ஏதாவது கூடினாலும் குறைந்தாலும் சலானை அடித்துத் திருத்த மாட்டார்கள். கொட்டகையில் எடை போடுகிறவர் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி என்னிடம் கொண்டுவந்து தருவார். நான் அதைக் கடிதத்தில் எழுதுவேன். கடிதம்தான் கடைசி வார்த்தை. கடிதம் அடித்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அதுதான் நகல் இருக்கிறதே.

எடைக்காரர் அனகாபுத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். பதினோரு வருடமாக அங்கே வேலை. அன்று நாலரை மணிக்கு நனைந்துகொண்டே வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். 'ஆர்டர் 40. ஏற்றியது 32. 8 பாளம் கசடு, நிறுத்தம்.' கசடு கலந்த பாளங்களை மறுபடி உருக்க வேண்டும், அதனால் அனுப்பவில்லை என்று அர்த்தம். சீட்டு ஈரமாக இருந்தது. மெழுகுவத்திப் பக்கத்தில் பிடித்துக் காயவைத்துப் படித்தேன்.

இனிமேல் சொல்வது என் தவறு. கார்பன் தாள் ஒன்றை நான் முப்பது கடிதத்துக்கு வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவைக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. எழுத்து மங்க ஆரம்பித்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவேன். தேயாத பகுதி வரிக்கு வரும். ஒரு கார்பனில் பத்துக் கடிதமாவது மிச்சம். அன்று இருபத்துமூன்றாவது தடவை. தலைகீழாகத் திருப்புவதற்குப் பதில், அந்த வெளிச்சத்தில், மையுள்ள பக்கம் மேலே பார்க்கும்படி புரட்டிப் போட்டுவிட்டேன். மை முழுதும் அசல் கடிதத்தின் முதுகில் பதிந்தது. நகல் தாளில் ஒன்றும் பதியவில்லை.

ஐந்து மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து எடுத்துப் போய்விடுவார்கள். முதலாளி எப்போதும்போல் படிக்காமலே போட்ட கையெழுத்தோடு உறையில் போட்டு, சீட்டைக் கிழித்து, நகலைப் பார்க்காமலே கோப்பில் சேர்த்து, குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நகலைப் பார்க்காமல் கோப்பில் சேர்த்தது இருபத்தேழு வருடத்தில் அந்த ஒரு தடவை.

டிசம்பர் 19, திங்கட்கிழமை, பட்டணத்து வியாபாரியிடமிருந்து முப்பத்திரண்டு பாளத்துக்கு மட்டும் பணம் வந்தது. எட்டுப் பாளம் வந்து சேரவில்லை என்று குறிப்பு. குறைவு பற்றிக் கடிதம் ஏதும் வந்ததா என்று முதலாளி போன் போட்டுக் கேட்டார். அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வரவே இல்லை என்றார்கள். எடைக்காரரைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்.

"கசடுன்னு நிறுத்தினேன் மொதலாளி. மறு உருக்குல போட்டாச்சு."

"யாருய்யா பாத்தா?"

"அடுப்புல நிக்கிறவனுங்க எல்லாம் பாத்தானுங்க."

"எல்லாம் உன் தெரு ஆளுங்க. நீ சொன்னா யானையக்கூட உருக்குனேன்னு சொல்லுவானுங்க." முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார், அந்த லெட்டர் காப்பிய எடுங்க."

முதலாளி உள்ளூர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் கொட்டகை இருந்த இடத்தில் நெல் விளைந்துகொண்டிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். போன வாரம்தான் அவருடைய மகன் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாம் என்று சொல்லியிருந்தான். "அது தப்பே பண்ணாதாம் சார்," என்றார் முதலாளி. "நானும்தான்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

அடுத்த அறைக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். நகல் தாள்களில் காலையிலேயே வரிசை எண் போட்டு வைப்பது என் வழக்கம். 31,406 என்ற எண் மூலையில் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: கார்பனைப் புரட்டிப் போட்டுவிட்டேன், சீட்டு வந்தது உண்மை.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பிப் போனேன்.

"அதைப் பத்தி லெட்டர் எதுவும் அடிக்கல. சீட்டு வந்த ஞாபகம் இல்லை."

எடைக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"இன்னா சார், உன் கைல தானே குட்த்தேன். நனைஞ்சி பூட்ச்சுன்னு மெழுகுவத்தி கிட்ட காட்டிக்கினு இருந்தே. எரிச்சிடாத சார்னு சொன்னேன், சிரிச்சியே."

நான் சிரித்தது உண்மைதான்.

"யோவ்," என்றார் முதலாளி, "சார் இருவத்தேழு வருசமா எழுதறாரு. அவரு பேப்பர்ல இல்லன்னா அது நடக்கலன்னு அர்த்தம்."

"அப்ப எரநூறு கிலோவ நான் சைக்கிள்ல வெச்சா எடுத்துகினு பூட்டேன்? சைக்கிள் தாங்குமா மொதலாளி?"

"எட்டு நாள்ல எட்டு தபா போயிருப்ப."

அந்த மாதச் சம்பளம் அறுநூற்று ஐம்பதையும் பிடித்துக்கொண்டு எடைக்காரரை அனுப்பிவிட்டார்கள். மறுநாளே அனகாபுத்தூர் முழுக்க அவர் திருடன். எனக்கு அதை வந்து சொன்னது டீ கொண்டுவருகிற ஆள். நான் அன்று மாலை, கோப்பில் ஓட்டை தெரியக்கூடாதே என்று, 31,406 என்ற எண்ணில் 'பில் இணைக்கப்பட்டுள்ளது' என்று மூன்று வரி அடித்து நகலாகச் செருகி வைத்தேன். கார்பனைச் சரியாகத்தான் போட்டேன்.

மார்ச் மாதம் கீழ்க்கட்டளைக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். ஒரு கடைவாசலில் லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். முடி, புருவம் எல்லாம் சாம்பல். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவரே என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், எண்ணிக்கினு கீறியா?"

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினேழு மூட்டை. பஸ் ஏறிவிட்டேன்.

அந்த மாதச் சம்பளத்தில் நூறு ரூபாயை அவர் விலாசத்துக்கு மணியார்டர் செய்தேன். பன்னிரண்டாம் நாள் எங்கள் தபால்காரர் பணத்தோடு வந்தார். 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தது. ஏப்ரலில் மறுபடி அனுப்பினேன். அதுவும் வந்தது. மே, ஜூன், ஜூலை. சம்பளம் வாங்கிய மறுநாள் தாம்பரம் தபாலாபீசில் வரிசையில் நிற்பது ஒரு வழக்கமாகிவிட்டது. வாங்கிக்கொண்டால் என்ன என்று சில மாதங்களில் எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. அதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மனைவிக்கு விஷயம் தெரியாது. யாருக்கோ பழைய கடன் என்று சொல்லியிருந்தேன்.

"மாசா மாசம் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வருது," என்றாள் ஒருநாள், "அந்த நூறு ரூபாய்க்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துக் குடுத்துடுங்க."

1991 ஜூலையில் அனுப்பியது இருபத்தொன்பதாவது. அதில் மட்டும் 'வீடு மாறிவிட்டார்' என்று இருந்தது.

ஆகஸ்டில் அந்தப் பட்டணத்து வியாபாரி கணக்கை முடித்துக்கொண்டார். எங்கள் சம்பந்தப்பட்ட பழைய காகிதங்கள் ஒரு கட்டாக வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணை ஒத்துப்பார்ப்பது என் வேலை. வேறு ஏதோ ஒரு பில்லோடு குத்தி, 31,406 இருந்தது. பதினோரு வரி. 'எட்டுப் பாளங்கள் கசடு காரணமாக எங்களால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன.' திருப்பினேன். முதுகில் அத்தனையும் வலமிருந்து இடமாக, ஊதா நிறத்தில், ஓர் எழுத்துக்கூட மங்காமல் இருந்தது.

எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கார்பன், வெள்ளைத் தாள், சட்டைப்பை, மூன்று வரி நகல். இரண்டு வருடம் எட்டு மாதமாக மனதுக்குள் அடித்து அடித்துப் பார்த்த வாக்கியங்கள். அவர் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இப்ப இன்னாத்துக்கு சார் இதெல்லாம்? எட்டு பாளம்தானே. அப்பவே விட்டுட்டேன். அந்த வருசம் உருக்குல எரநூறு கிலோ கூடத்தான் இருந்திச்சு, கணக்கு முடிக்கறப்ப பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆள அனுப்பியாச்சு, திரும்பவா கூப்புட முடியும்?" கடிதத்தை என்னிடமே நீட்டினார். "வெய்ங்க உள்ள. உங்கள யாரு இன்னா கேக்கப் போறா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு அனகாபுத்தூர் போனேன். ஒரு சைக்கிள் போனால் இன்னொன்று நிற்க வேண்டிய சந்து. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஓர் அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். விசாரித்தேன். என் செருப்பிலிருந்து கண்ணாடி வரை பார்த்தாள்.

"நீங்கதான் மணியார்டர் சாரா?"

ஆமாம் என்றேன்.

"அவுங்க காலி பண்ணிகினு பூட்டாங்க. பொண்ணு வூட்டுக்குன்னு சொன்னாங்க, எந்த ஊருன்னு சொல்லல." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "மாசா மாசம் போஸ்ட்மேன் வந்தா அந்த அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். கீழ எதுனா எழுதிகீறாரா பாருன்னு. ஒண்ணுமில்லன்னு சொன்னா, அப்ப எட்த்துகினு போன்னுடும்."

மணியார்டர் படிவத்தின் அடியில், பணம் பெறுகிறவர் கிழித்து வைத்துக்கொள்ள ஒரு சீட்டு இருக்கும். செய்தி எழுதுவதற்கான இடம். சின்ன எழுத்தில் எழுதினால் ஆறு வரி பிடிக்கும். இருபத்தொன்பது தடவையும் நான் அதில் ஒன்றும் எழுதவில்லை. எழுத்தில் கொடுத்தால் அது அவர் கையில் சாட்சியாக நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அது தெரிந்துதான் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து முறை அந்தச் சந்துக்குப் போனேன். கடைசி முறை போனபோது அந்த அம்மாளும் அங்கே இல்லை. கம்பெனி அடுத்த வருடம் மூடப்பட்டது. கோப்புகளை எடைக்குப் போட்டார்கள். நூற்றுப் பதினாலு கிலோ.

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. பதினோரு வரியில் அவருக்கு ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறேன், அந்தப் பழைய கடிதத்தையும் இணைத்து. நகலும் இருக்கிறது, தெளிவாக விழுந்திருக்கிறது. மேலே எழுத விலாசம் இல்லை. அவர் இருக்கிறாரா என்பதும் தெரியாது. அவருடைய மகள் கல்யாணம் எப்படி நடந்தது, திருடன் மகள் என்று அங்கே யாராவது சொன்னார்களா என்பதெல்லாம் விடியற்காலையில் விழிப்பு வந்தால் வரிசையாக வரும். எண்ணி முடிப்பதில்லை.

செலவை மட்டும் எண்ண முடிகிறது. வாங்க மறுத்த மணியார்டர் பணத்தைத் தபாலாபீஸ் முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடும். கமிஷன் மட்டும் திரும்பாது. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய். இருபத்தொன்பது தடவைக்கு எனக்கு ஆனது நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.