மரத்தைப் பார்த்து வீடு பிடித்தவர்

ஒரே வருடத்தில் நான்கு வீடு மாறிய மனிதர், ஒட்டிய இடத்தைவிட்டு நகரவே நகராத ஒன்றை நம்பி அலைந்தது ஏன்? சென்னிமலை என்ற அந்த மனிதரைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும்.

பெருமாநல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் அவர் பாய்லர் ஆபரேட்டர். விறகு எரித்து நீராவி எழுப்பும் வேலை. வேலை தெரிந்தவர் என்று சொல்லலாம். நிதானமானவர் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மகள் அனுப்ரியாவுக்கு ஐந்து வயதில் வீசிங் வந்தது. பட்டறைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில்தான் குடியிருந்தார்கள். குழந்தையின் மூச்சில் விசில் கேட்கும்போதெல்லாம் வெளியே வந்து, தான் எரிக்கும் பாய்லரின் புகைபோக்கியைப் பார்த்து நிற்பார்.

போன தை மாதம் ஜெயபாரதி என்ற கல்லூரி மாணவி பட்டறை வாசலில் இருந்த வேப்பமரத்தை லென்ஸ் வைத்துத் தேடிவிட்டு, நோட்டில் பூஜ்யம் போட்டாள்.

"என்ன அம்மிணி, மரத்துக்கு ஜோசியமா?"

"லைக்கன் இருக்குதான்னு பாக்கறனுங்ணா. பட்டையில சாம்பக் கலர்ல திட்டுத்திட்டா ஒட்டியிருக்குமே, அது. பூஞ்சையும் பாசியும் சேந்து ஒரே உடம்பா வாழுதுங்க. பாசி வெயில்ல சமைச்சுப் போடும், பூஞ்சை ஊடு கட்டிக் குடுக்கும்."

"சண்ட வராதா?"

"பிரிஞ்சா பொழைக்கறது கஷ்டமுங்க." அவள் சிரித்தாள். "இதுக்கு வேர் கிடையாதுங்ணா. காத்துலயும் மழையிலயும் வர்றதுதான் சாப்பாடு. வெஷம் வந்தாலும் உறிஞ்சிக்கும், வெளிய தள்ளத் தெரியாது. அதான் இங்க ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அது இருக்கற எடத்துல காத்து சுத்தம்?"

"அப்படிச் சொல்லீர முடியாதுங்ணா, அதுல எந்த—"

உள்ளிருந்து "பிரஷர் எறங்குது!" என்று குரல் வந்தது. ஓடினார். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். வாட்ச்மேனிடம் அவள் கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் மட்டும் இருந்தது. கூப்பிடவில்லை. பாதிப் பாடம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நமக்கு வேண்டிய பாதி கிடைத்துவிட்டால் மீதியை யாரும் தேடுவதில்லை.

அதன்பிறகு வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து பார்க்கமாட்டார், மரத்தடிக்குப் போவார். ஒரு வீட்டுக்காரம்மா, காளியாத்தாள், பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, பல்லி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

முதல் வீட்டு முருங்கையில் ஒரு திட்டு இருந்தது. ஆறு வாரம் குடியிருந்தார்கள். அதைவிட அதிகத் திட்டு தெரிந்த மரத்தை நம்பி அடுத்த வீடு. "பாத்தரத்த அடுக்கி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஊடு," என்றாள் மனைவி சாரதாமணி. "மரத்தோடயே குடும்பம் நடத்தீருங்க, நா பாப்பாவக் கூட்டீட்டு எங்கூட்டுக்குப் போறன்."

மூன்றாவது, காங்கேயம் ரோட்டில். அங்கே தென்னைகள் எல்லாவற்றிலும், மஞ்சள் தடவியதுபோல, லைக்கன் அப்பியிருந்தது. சென்னிமலை அடிமரத்தைக் கட்டிப்பிடிக்காத குறை. பட்டறைக்கு மொபெட்டில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதைப் பொருட்படுத்தவில்லை. பதினோராம் நாள் அனுப்ரியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நெபுலைசர் வைக்க வேண்டிவந்தது.

அப்போதுதான் அந்த நம்பருக்குப் போட்டோ அனுப்பினார். குரல் பதிவில் பதில் வந்தது: "மஞ்சக் கலருங்களாண்ணா? பக்கத்துல கோழிப்பண்ணை இருக்குதுங்களா? எச்சத்துல வர்ற அமோனியா அதுக்கு ரொம்பப் புடிக்குமுங்க. எல மாதிரி வெளிம்ப தூக்கீட்டு நிக்கறது, தாடி மாதிரித் தொங்கறது, அதுகதான் நல்ல காத்துக்கு அடையாளம். அன்னைக்கே சொல்ல வந்தனுங்க."

கோழிப்பண்ணை வேலிக்கு அந்தப்பக்கம்தான் இருந்தது. நாற்றம் அவருக்கும் தெரிந்திருந்தது. தன் மூக்கைவிட மரத்தை நம்பியிருந்தார்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, கன்னையன் என்பவரின் தோப்பு வீட்டை இம்முறை சாரதாமணிதான் கண்டுபிடித்தாள். சென்னிமலை மரத்தைப் பார்க்குமுன் மூக்கால் இழுத்துப் பார்த்தார். பிறகு மாமரத்துக்குப் போனார். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், விளிம்பு சுருண்ட இலைகளாக, கிளை முழுக்க நின்றது. வேகமில்லாத உயிர், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலத் திட்டு அனுப்ரியாவைவிட மூத்ததாக இருக்கலாம். மூன்று வாரத்தில் அவள் மூச்சுக்கு இழுக்கும் மருந்துப் பம்ப் இல்லாமல் தோப்பைச் சுற்றி ஓடினாள்.

"நீங்களும் இங்கயே இருந்துக்குங்க," என்றார் கன்னையன், வாரம் முழுக்கப் பட்டறையில் தங்கி ஞாயிறு மட்டும் வந்துபோன சென்னிமலையிடம். "மோட்டாரு, சொட்டுநீரு பாத்துக்க ஆள் வேணும்."

"செரீங்க," என்றார் சென்னிமலை. சாரதாமணி முதல்முறையாக எல்லாப் பாத்திரங்களையும் மூட்டையிலிருந்து வெளியே எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் மாமரத்தில் லைக்கன் படிந்த சாண் நீளக் குச்சி ஒன்றை ஒடித்து, பனியன் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"ஏனுங்க, எங்க?"

"ஷிஃப்டுக்கு."

"இங்கதான் வேலை இருக்குதே?"

"பாப்பாவ மரத்துல ஏற உடாத."

பட்டறை வாசல் வேப்பமரத்தில் அந்தக் குச்சியைக் கட்டிவிட்டு உள்ளே போய்ப் பாய்லரைப் பற்றவைத்தார். இரண்டு மாதத்தில் அது வெளுத்து உதிர்ந்தது. அடுத்த ஞாயிறு தோப்புக்குப் போய்விட்டு வேறொன்று கொண்டுவந்து கட்டினார். கன்னையன் கேட்டார், சாரதாமணி பலமுறை கேட்டாள். "நா எரிக்கற பொகையில இது எத்தன நாள் தாங்குதுன்னு பாக்கோணும்," என்பார்.