எவ்ளோ ஒசரம்?

கண்ணாயிரத்துக்கு இடது காது கேட்காது. பத்தொன்பது வயதில் செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குக் கூட்டிப்போன ஏஜென்ட், வனக்காவலர்களின் விசில் சத்தம் கேட்டதும் அவனை விட்டுவிட்டு ஓடிவிட்டான். பிடித்தவர்கள் அவனை ஒரு மரத்தில் கட்டித் துப்பாக்கிக் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தார்கள். கூடப் போனவர்களில் இருவர் திரும்பவே இல்லை. ஊர் வந்து சேர்ந்தவன் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது, எதைச் சொன்னாலும் கொஞ்சம் வேடிக்கை சேர்த்துச் சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. காது போனதைக்கூட அப்படித்தான் சொல்வான். அமிர்தத்தைக் கட்டிக்கொண்ட பிறகு, அவள் திட்டும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தனக்குத் தெரியும் என்பான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்தது அவன் ஊர். சாமையும் மரவள்ளியும் விளையும் இரண்டு ஏக்கர் மேட்டை மூன்று தலைமுறையாக உழுதிருந்தார்கள். பட்டா கிடையாது. அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது யாரோ சங்கிலியோடு வந்து அளந்து, விளைந்து நின்ற சாமைக்கு நடுவில் எல்லைக்கல் நட்டார்கள். குறுக்கே படுத்த அப்பாவின் காலில் அந்தக் கல்லையே உருட்டிவிட்டார்கள். எலும்பு பிளந்து வெளியே வந்ததைக் கண்ணாயிரம் பார்த்தான். அவர் அந்தக் காலை இழுத்து இழுத்தே மிச்ச நாளைக் கழித்தார். அந்த ஊரில் அளக்க வருகிறவனை அதன்பிறகு யாரும் உட்காரச் சொன்னதில்லை.

கொத்து வேலை கற்றுக்கொண்டு, முப்பது வயதில் மாலத்தீவுக்குப் போனான். சின்னத் தீவு ஒன்றைச் சுற்றிக் கடல் தடுப்புச் சுவர் கட்டும் வேலை. கடலுக்கடியிலிருந்து மண்ணை உறிஞ்சித் தீவின் மேல் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவுக்காரர் நசீம், ஐம்பது வயது, சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர். தினமும் சாயங்காலம் சுவரோரம் வந்து நின்று, அன்றைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்பார். கண்ணாயிரம் அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டான். அவர் இவனிடம் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி: "எவ்ளோ ஒசரம்?"

அந்த ஊரில் மிக மேடான இடம் நசீமின் வீட்டு வாசல். அது அலைமட்டத்திலிருந்து ஓர் ஆளின் இடுப்பளவு.

இரண்டாம் வருடம் ஆனி மாதம், பட்டப்பகலில், மழையே இல்லாமல் கடல் பொங்கி உள்ளே வந்தது. கிரேனில் தொங்கிய கான்கிரீட் பாளம் அறுந்து, கீழே நின்ற இன்னொரு கொத்தன் மேல் விழுந்தது. அவன் கத்தக்கூட இல்லை. கண்ணாயிரத்தைத் தண்ணீர் சுருட்டி இழுத்தது. பவளப்பாறையில் முதுகுத்தோல் உரிந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவர் நசீம். உச்சந்தலையில் முடி முளைக்காத அந்த இடத்தைத் தடவிக்கொண்டேதான் கண்ணாயிரம் அவர் பேரைச் சொல்வான்.

வேலையில்லாத நாட்களில் நசீம் தன் நாட்டைப் பற்றிப் பேசுவார். பேத்தி கிழவியாகும்போது இந்தச் சுவர் நிற்கலாம், தீவு நிற்குமா என்பதுதான் அவர் கவலை. மண் கொட்டி மேடாக்கலாம் என்கிறார்கள், வேறு தேசத்தில் நிலம் வாங்கிப் போய்விடலாம் என்றும் பேச்சு வருகிறது. போனால், முழுகிய நிலத்துக்கு மேலே இருக்கும் கடல் யாருடையது? அதில் யார் மீன் பிடிப்பது? நாடு தண்ணீருக்கடியில் கிடக்கும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே விடுவார்களா? தங்கள் ஊரில் மலை இருக்கிறது, பேப்பர்தான் இல்லை என்று கண்ணாயிரம் சொல்லிவைத்தான். நசீம் சிரித்துவிட்டு, எங்கள் தெருவில் பதினைந்து வீடுதான், ஓர் ஓரமாக இடம் கொடுப்பீர்களா என்று கேட்டார். சிரிப்பு முடிந்த பிறகும் அவர் முகம் இவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் லீவில் வந்தபோது, அமிர்தத்தின் அண்ணன் ராமசாமியின் மகளுக்குக் காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் வெளிநாட்டுக் கதை கேட்டார்கள். கண்ணாயிரம் வழக்கம்போல வேடிக்கை சேர்த்தான்.

"அவங்க நாடு முழுகிக்கினு இருக்குது மச்சான். பூரா மலையவும் வாங்கிக்கிறோம், பேசி முடிச்சிக் குடுன்னாங்க. நான்தான் ரேட்டு கட்டுப்படி ஆவலன்னு வந்துட்டேன்."

பந்தியே சிரித்தது. ராமசாமியும் சிரித்தான். கண்ணாயிரம் விமானம் ஏறிப் போய்விட்டான். சிரிப்பு அடங்கிப்போய், பேச்சு மட்டும் ஊர் ஊராக நடந்தது. அதற்கடுத்த வருடங்களில் யார் யாரோ வந்து பாறைகளில் சிவப்புப் பெயின்ட்டால் நம்பர் எழுதிப் போனார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மலையை வெளிநாட்டுக்காரன் வாங்கிவிட்டான், கண்ணாயிரம்தான் புரோக்கர் என்று ஊருக்குத் தானாகவே புரிந்துபோனது. அவன் ஒப்பந்தம் முடிந்து ஊரோடு வந்த பிறகும், அவன் காதில் மட்டும் அது விழவில்லை. அவன் இடது பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள்.

போன மாசியில் நசீம் கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்தார். கட்டுப் பிரித்ததும், மலை என்று ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். கண்ணாயிரம் போய்க் கூட்டிவந்தான். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அவர் செல்போனில் உயரம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். எழுநூறு மீட்டரைத் தாண்டியதும் சின்னப் பிள்ளைபோல அவன் தொடையில் அறைந்தார்.

மறுநாள் காலை. கண்ணாயிரம் வீட்டுக்குப் பின்னால் அவர் குளிக்கத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். நசீம் தனியாக மரவள்ளிக் காட்டோரம் நடந்து போய், செல்போனை வானத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார். களையெடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் எதிரே இருந்த நம்பர் எழுதிய பாறையைக் காட்டி, தெரிந்த ஒரே தமிழைக் கேட்டார்.

"எவ்ளோ ஒசரம்?"

அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கூச்சல் இடது பக்கமிருந்து வந்ததால் கண்ணாயிரத்துக்குக் கேட்கவில்லை. அமிர்தம் வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணன் கடப்பாரைய எடுத்துக்கினு போவுது. உன் ஆளத்தான்."

அவன் போய்ச் சேர்ந்தபோது நசீம் மண்டியிட்டிருந்தார். சட்டை கிழிந்து, உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் தாடி வழியாக ஒழுகியது. இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள், காதுகுத்தில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள். ஒருவன் செல்போனைக் கல்லில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தான். மரவள்ளிக் குச்சியால் முதுகில் விளாசினார்கள். நசீம் ஒவ்வோர் அடிக்கும் கையைத் தூக்கி, அதே இரண்டு வார்த்தையை மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். வேறு வார்த்தை அவருக்குத் தெரியாது. அதைக் கேட்கக் கேட்க அடி கூடியது.

கண்ணாயிரம் அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டான். முழங்கையில் ஏதோ இறங்கிக் கை மடங்கியது.

"எழுந்துரு மாப்ள," என்றான் ராமசாமி. "மலைய வித்துத் தின்னுட்டு, அளக்கறதுக்கும் ஆள இட்டாந்துட்டியா நீ?"

"அது சும்மா சொன்னது மச்சான்."

"எதுடா சும்மா? உங்கப்பன் கால் போச்சே, அது சும்மாவா?"

கடப்பாரை மேலே போனது. நசீமின் தலைக்குத்தான் அது வருகிறது என்று கண்ணாயிரத்துக்குத் தெரிந்தது. நல்ல கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து, தன் மனைவியின் அண்ணனுடைய முழங்காலில் அடித்தான். சில்லு உடைந்த சத்தம் கேட்கும் காதில் நன்றாகவே கேட்டது. ராமசாமி சரிந்தான். கண்ணாயிரம் இன்னொரு முறை அடித்தான். அது தேவையே இல்லை. அவனுக்கே அது தெரியும். கூட்டம் பின்வாங்கியது.

ஊரில் இருந்தது ஒரே ஒரு ஜீப்தான். இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை ராமசாமியின் தலை நசீமின் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் இருவரும் அவரவர் பாஷையில் முனகினார்கள். பாதி வழியில் ராமசாமி, இந்த ஆள் உண்மையில் என்னதான் கேட்டான் என்றான். கண்ணாயிரம் முதல்முறையாக வேடிக்கை எதுவும் சேர்க்காமல் சொன்னான். இடுப்பளவு வாசல், பேத்தி, பதினைந்து வீடு. ராமசாமி கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குப் புரிந்ததா, வலியா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்தார். நசீமின் பேச்சைத் தமிழில் சொல்லக் கண்ணாயிரத்தை விட்டால் ஆள் இல்லை. நசீம் வீங்கிய உதட்டோடு, தன் பாஷையில் மெதுவாகச் சொன்னார்: பாறையிலிருந்து விழுந்தேன் என்று சொல். ஏன் என்று கேட்டான். என்றைக்காவது எங்கள் ஆட்கள் இடம் கேட்டு யாரோ ஒருவருடைய ஊர் வாசலில் போய் நிற்கவேண்டி வரும், வந்ததும் கேஸ் போட்டவர்கள் என்று பேர் எடுத்துவிட்டு எப்படிப் போய் நிற்பது என்றார்.

கண்ணாயிரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தடவை அவர் பேச்சைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொன்னதில்தான் இவ்வளவும் வந்தது. இப்போது மாற்றாமல் சொன்னால் அது பொய். அடுத்த கட்டிலிலிருந்து ராமசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்டு வாசலில் அமிர்தம், அண்ணனுக்கு வாங்கிவந்த கஞ்சியோடு நின்றாள். அவளும் பார்த்தாள்.

"பாறையிலேந்து வுழுந்துட்டேன்றாரு சார்."

ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "எவ்ளோ ஒசரம்?"

இதை நசீமுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பழக்கத்தில் கையை நீட்டி, கட்டிலோரம் தன் இடுப்பளவில் பிடித்துக் காட்டினார்.

ஏட்டு அந்தக் கையையும், அவர் முகத்தையும் பார்த்தார். "இந்த ஒசரத்துலேந்து வுழுந்தா மூக்கு, வெலா, தோள்பட்ட எல்லாம் ஒடையுமாய்யா?"

"அவரு சொன்னத அவரு சொன்னாப்லயே சொல்லிட்டேன் சார்," என்றான் கண்ணாயிரம். "அது அவரு பேச்சு. என் பேச்சத் தனியா எழுதிக்குங்க. அவரு வுழுவல. நாங்க அடிச்சோம். ஆரம்பிச்சி வெச்சது என் வாயி. மச்சான் காலு என் கையால போனது. அதையும் எழுதிக்குங்க."

அமிர்தம் கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். ஏட்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார். என்ன நடக்கிறது என்று புரியாமல் நசீம் கையை அந்த அளவிலேயே பிடித்துக்கொண்டிருந்தார், சரியான உயரம்தான் என்பதுபோல.