ரீட்டா மேடம் எழுந்திரிக்காத காலை

ரப்பர் பாய் நாற்றமும் கற்பூர வாசனையும் சேர்ந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் பூஜை சாமான் கடைக்கு மேலே ஒரு மாடி ஹால். "மூச்சை நல்லா இழுங்க" என்றால் கீழே இருக்கிற கடையே மூக்குக்குள் வந்துவிடும்.

அங்கேதான் நான் யோகா வாத்தியார் ஆகப் பழகினேன். சிரிக்காதீர்கள்... அப்போது தொப்பை இவ்வளவு இல்லை.

அதற்கு முன்னால் தி. நகரில் மாமாவின் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷன். நாள் முழுக்க வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரிப்பது. முதுகு போய், டாக்டர் சொல்லி, ரீட்டா மேடம் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே பத்மாசனத்தில் அசையாமல் உட்கார்ந்ததைப் பார்த்து மொத்த ஹாலும் அசந்துபோனது. ஏதோ பூர்வஜென்ம யோகி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

முதுகு சரியானதும் ஆசை வந்தது. "மேடம், நானும் டீச்சர் ஆகலாமா?"

"ஆவலாம் அண்ணாத்த. மொதல்ல பாயை விரி."

ரீட்டா மேடம் நொச்சிக்குப்பத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். விடியுமுன் பெசன்ட் நகரில் ஒரு வகுப்பு, பிறகு மயிலாப்பூர், அப்புறம் அடையார், சாயங்காலம் ராயப்பேட்டை... ஸ்கூட்டியிலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம்.

மாதக்கணக்கில் பாய் விரித்தேன். கைப்பழக்கம் விடுமா? ஒரு உதறு உதறி, முந்தானையைக் காட்டுவதுபோல ஓரத்தை மடித்துவிடுவேன்.

"இன்னா அண்ணாத்த, பாயை விரிக்கச் சொன்னா பார்டர் காட்டிக்கினு கீற?"

பிறகு பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் மூச்சு விடுவதைப் பார்க்கும் வேலை. எனக்கோ பேசாமல் இருந்தால் வயிறு உப்பிவிடும்.

இதற்கு நடுவே மாமா. "ஏல மாப்ள, ஆடித் தள்ளுபடிக்குள்ள வாத்தியார் ஆனா ஆவு. இல்லன்னா பேசாம வந்து மெத்தையில உக்காரு." ஆனி பாதி தாண்டியிருந்தது. தூக்கத்தில்கூட மெத்தை வந்தது.

மேடத்திடம் பரீட்சை என்றால் ஒன்றே ஒன்றுதான். முழு வகுப்பையும் நாம் எடுக்கவேண்டும். அவர் கடைசி வரிசையில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். "நீ சொல்றத கேட்டே இங்க இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். நான் எய்ந்து வந்தேன்னு வை, திரும்பப் பாய்தான்." எனக்கு முன்னால் பழகியவர் சூரிய நமஸ்காரத்திலேயே அவுட்.

என் நாளும் வந்தது. மேடம் படுத்தார். நான் ஆரம்பித்தேன். பயத்தில் வாயில் வந்ததெல்லாம் கடை பாஷை.

"அடுத்து இதப் பாருங்கம்மா, உங்க உடம்புக்கு எடுப்பா இருக்கும்... முடியலேன்னா பரவால்ல, வேற காட்டறேன்."

மாமிகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். ஆனால் சொன்னதைச் செய்தார்கள். பரவாயில்லையே என்று எனக்கே தோன்றியது. விருட்சாசனத்துக்கு வந்தோம். வலது காலில் எல்லோரும் மரமாக நிற்கிறார்கள்... அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையில் ஓர் அசைவு. மேடம் ஒருக்களித்தார்.

போச்சு, எழுந்திரிக்கப் போகிறார்!

என் கண்ணில் வெள்ளை மெத்தை தெரிந்தது. "காலை இறக்குங்க, படுங்க, சவாசனம்!" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

எல்லோரும் படுத்தார்கள். அமைதி. முன்வரிசைப் பிணங்களில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கியது. ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஜெயா மாமி.

"ஏம்ப்பா, எடது கால் என்ன பாவம் பண்ணித்து? அதை மட்டும் அம்போன்னு விட்டுட்டியே?"

அவ்வளவுதான். வரிசையாகப் பிணங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கின்றன. ஆனது ஆகட்டும் என்று, "மாமி கேட்டது நியாயம். எல்லாரும் எழுந்திருங்க, இடது கால் பாக்கி" என்றேன். முனகிக்கொண்டே எழுந்தார்கள். நின்றார்கள். மறுபடி படுத்தார்கள். கடை பாஷையெல்லாம் விட்டு, மெதுவாக, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது. கொர்ர்ர்...

கடைசி வரிசை. ரீட்டா மேடம்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். ஜெயா மாமி என் கையைப் பிடித்து இழுத்தார். "உஷ்ஷ்! எழுப்பாதே. கொழந்தை என்னிக்கு இப்படிப் படுத்திருக்கா?"

எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோலப் படியிறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அடையார் வகுப்பு நேரமும் போனது.

திடுக்கென்று எழுந்தவர், சுருட்டி வைத்த பாய்களைப் பார்த்தார்.

"கிளாஸ் முட்ச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் மேடம்."

"நான் நடுவுல எய்ந்து வந்தேனா?"

"இல்ல மேடம்."

கொஞ்ச நேரம் கன்னத்தில் பதிந்த பாய்த் தடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ ரூல் ரூல்தான் அண்ணாத்த. நாளையிலேர்ந்து அடையார் உன்னுது."

இடது கால் விவகாரம் அவர் காதுக்குப் போகவே இல்லை. மயிலாப்பூரில் ஒரு சமாச்சாரம் வெளியே கசியாமல் இருந்தது அந்த ஒருமுறைதான்!

மாமாவுக்குப் போன் போட்டு ஆடிக்கு வரமாட்டேன் என்றேன். அந்தப் பக்கம் புடவை உதறும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி... ஒங்க அத்தைக்கு முட்டி வலி. அதுக்கு என்னல ஆசனம்?"

இப்போது அடையாரிலேயே சொந்த ஹால் இருக்கிறது. ஏசி, கண்ணாடிச் சுவர் எல்லாம் உண்டு. பாதிப்பேர் ஆன்லைன். சவாசனம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "சார், மீட்டிங்" என்று ஒவ்வொரு கட்டமாகத் திரையிலிருந்து மறைகிறது. நேரில் வருகிறவர்களுக்குத் தரமணி ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற கவலை. படுத்தபடியே கைக்கடிகாரத்தில் எவ்வளவு ரிலாக்ஸ் ஆனோம் என்று பார்க்கிறார்கள்.

எப்போதாவது ஒருத்தர் அசந்து தூங்கிவிடுவார். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம். ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஓசைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்... எனக்கும் அன்று எந்த அவசரமும் கிடையாது.