விளக்கேற்ற ஆள் தேவை

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்பது என் கொள்கை. கூட்டம் அப்படி! இந்த முறை கொள்கையைக் காற்றில் பறக்கவிட்டேன். காரணம், தெம்பனிஸில் எங்கள் பக்கத்து வீட்டு மெர்சி.

"அக்கா, ஏஞ்சலினுக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்கணும், கூட வாங்க. அப்படியே தீபாவளின்னா என்னன்னு அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்துடுங்க."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். அவர்களுக்கு எதற்குத் தீபாவளிப் பாடம்?

விஷயம் இதுதான். மெர்சியின் மகள் ஏஞ்சலின் சட்டம் படித்துவிட்டு, நகரத்தில் ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தில் டிரெய்னியாக இருந்தாள். பயிற்சி முடிந்ததும் சிலரை வேலையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கைகுலுக்கல். அந்த முடிவு வரப்போகிற நேரம் பார்த்து எச்.ஆர். கூப்பிட்டது. ஆபீஸில் தீபாவளி லஞ்ச். ஏஞ்சலின்தான் புடவை கட்டி விளக்கேற்ற வேண்டும், பண்டிகையைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்.

"நீ கத்தோலிக்னு சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் ஆன்ட்டி. 'நெவர் மைண்ட் லா, சேம் சேம்'னு சொல்லிட்டாங்க."

எது சேம்? நரகாசுரனும் நற்செய்தியுமா?

ஆனால் வேலை ஊசலாடும்போது விளக்கேற்ற மாட்டேன் என்று சொல்ல முடியுமா? புடவை வாங்கினோம். திரும்பும் வழியில், எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே நரகாசுர வதத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். சட்டம் படித்த பெண்ணல்லவா... கவனமாகக் கேட்டுவிட்டு, "அவன் சைடுல லாயர் யாரும் ஆஜராகலையா ஆன்ட்டி?" என்றாள்.

லஞ்ச் அமோகமாக நடந்தது. கொஞ்ச நாளில் நிறுவனத்தின் இணையதளத்தில் படம் வந்தது. நடுவில் விளக்குடன் ஏஞ்சலின், சுற்றிலும் கைதட்டும் முதலாளிகள். கீழே 'எங்கள் பன்முகத்தன்மை' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. மெர்சி அதை ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

"வெப்சைட்லயே போட்டுட்டாங்கக்கா! இனி வேலை கன்ஃபர்ம்தான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. படம் போட்டவர்கள் பதவி கொடுக்க மாட்டார்களா?

கொடுக்கவில்லை. ஏஞ்சலின் கெட்டிக்காரிதான், உழைப்பாளிதான் — 'ஆனால் எங்கள் கிளையண்டுகளில் நிறையப் பேர் மாண்டரின் பேசுபவர்கள், புரிந்துகொள்வாய் அல்லவா?' என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏன் தெரியுமா? ஏஞ்சலினுக்கு மாண்டரின் நன்றாகவே வரும்! மெர்சி சாங்கி விமான நிலையக் கார்கோவில் ஷிப்ட் பார்த்த காலத்தில், கீழ்வீட்டுச் சீன அம்மாதான் அவளை வளர்த்தார். இன்றைக்கும் கோபம் வந்தால் இவள் திட்டுவது மாண்டரினில்தான். இண்டர்வியூவிலேயே பேசியும் காட்டியிருக்கிறாள். 'சோ க்யூட்!' என்றார்களாம். அவ்வளவுதான்.

வேலை கிடைத்தது கூடப் பயிற்சி பெற்ற ஜோனதனுக்கு. நல்ல பையன். சீனப் பையன்தான், ஆனால் வீட்டில் ஆங்கிலம் மட்டும். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில் மீ நூடுல்ஸ் வாங்கவே ஏஞ்சலினைத்தான் முன்னால் தள்ளுவான். பாவம், அவனே கூசிப்போய் அவளிடம் சொன்னானாம், "உனக்கு மாண்டரின் தெரியுமான்னு என்னை யாருமே கேட்கலை, ஏஞ்ச்."

எப்படிக் கேட்பார்கள்? முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே! இவள் முகம் தீபாவளி. அவன் முகம் மாண்டரின். கோர்ட்டில் ஒரு வரிக்கு ஒன்பது சாட்சி கேட்கிற மேதாவிகளுக்கு, ஆள் எடுக்கும்போது மட்டும் மூக்கும் முழியும் போதும்.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? 'நம்ம ஆளுங்களா?' என்று கேட்காமல் அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் ஒன்று. நாம் அதை இணையதளத்தில் போட்டுப் பெருமை பேசுவதில்லை.

மெர்சி இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏஞ்சலின் அழவில்லை. வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கினாள். இன்னும் எதுவும் அமையவில்லை.

போன வாரம் மெர்சி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஏஞ்சலினுக்கு போன். அதே எச்.ஆர். பெண். ஸ்பீக்கரில் தேனாகக் குழைந்தாள். பல்கலைக்கழகங்களிலிருந்து புது ஆள் எடுக்கப் போகிறார்களாம். போஸ்டர் அடிக்க வேண்டுமாம். அந்த விளக்குப் படம் அவ்வளவு அழகாம். உபயோகித்துக்கொள்ளலாம்தானே?

மெர்சி வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சலின் முந்திக்கொண்டாள். ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"அந்த போட்டோவுல ஒரு இந்தியப் பொண்ணு உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிறா. அந்த வேலை காலியா இருந்தா சொல்லுங்க, நாளைக்கே வர்றேன். இல்லேன்னா, போட்டோவை வெப்சைட்லேர்ந்தும் எடுத்துடுங்க, ப்ளீஸ்."

சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வக்கீலாக அவள் வாதாடிய முதல் வழக்கு அது. எதிர்த்தரப்பு இன்னும் பதில் மனு போடவில்லை.