பைப்பின் மேல் வைத்த கை

அன்று பம்ப் அறையில் இருந்தவர்கள்: இன்ஜினியர். தேனியிலிருந்து வந்த ஃபிட்டர். நான். சுவருக்கு வெளியே, வால்வு பக்கத்தில், அண்ணன். சொந்த அண்ணன் இல்லை. குச்சனூர்க்காரர், என் ஷிப்டு ஆப்பரேட்டர்.

ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊர்களுக்கு ஏற்றும் நிலையம் அது. மோட்டார் ஓடினால் பைப் முழுக்க அதிரும். போல்ட் கழலும், வெல்டிங் விடும். அதற்காகத்தான் அன்று பம்புக்கும் பைப்புக்கும் நடுவில் புதிதாக ரப்பர் ஜாயின்ட் போட்டார்கள். அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். பைப்புக்கு விடாது.

அண்ணனுக்குக் காது போய்விட்டது. அந்தச் சத்தத்திலேயே கிடந்து போனது. எனக்கு மட்டும் தெரியும். போன் வந்தால் நான் எடுப்பேன். கான்ட்ராக்ட் வேலை. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். நான் மோட்டாரைப் போடப் போனதும் அவர் வெளியே போய்ப் பைப்பில் கை வைப்பார். அதிர்ந்தால் வால்வைத் திறப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஃபிட்டர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. பைப் அசையவில்லை.

"பாத்தீகளா சார், பைப்பு மேல பச்சப்பிள்ளயத் தூங்க வைக்கலாம்" என்றார்.

இன்ஜினியர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "அண்ணே, வால்வத் தெறங்க."

அண்ணன் முதுகைக் காட்டி நின்றார். ஒரு கை பைப்பில் இருந்தது. அப்புறம் மற்றக் கையையும் வைத்தார்.

"என்னண்ணே, நின்னுக்கிட்டே தூங்குறீகளா?" ஃபிட்டர் சிரித்தார்.

நான் ஓடிப்போய் வால்வைப் பிடித்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏலே, மோட்டாரே இன்னும் போடல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

இன்ஜினியர் வெளியே வந்து அவருக்குப் பின்னால் நின்றார். கை தட்டினார். மறுபடி தட்டினார். அண்ணன் திரும்பவில்லை. ஃபிட்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எம்புட்டு நாளா இப்படி?" என்று இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

"சளி சார்" என்றேன்.

வால்வை நான் திறந்தேன்.

மாதம் முடிந்ததும் அண்ணனை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இப்போது அண்ணன் சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்கு வருகிறவர்களின் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் போனால் கையைத் தூக்குவார். அவ்வளவுதான்.

ஜாயின்ட் நன்றாக இருக்கிறது. பைப் அதற்குப் பிறகு ஒழுகவில்லை.

மோட்டாரையும் நானே போடுகிறேன், வால்வையும் நானே திறக்கிறேன். ஷிப்டில் ஒரு ஆள்.